போடாத மணல்

வசுமதி ஒரு மனிதரைக் கொல்வதற்காகத்தான் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தாள். அதுவரை அவள் கடல் தாண்டியதில்லை, பாஸ்போர்ட்டே இதற்காகத்தான் எடுத்தாள். காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் அரசு மருத்துவமனையின் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் நின்று, இது சர்க்கரைக்கு, இது பிரஷருக்கு, இது சாப்பாட்டுக்கு முன்னால, இது பின்னால என்று சொல்லிச் சொல்லிக் குரல் தேய்ந்துபோன ஐம்பத்து நான்கு வயதுக்காரி அவள், கணவன் போய்ச் சேர்ந்து பல காலமானவள், ஒரே மகள் சிந்துஜா போய் எட்டு வருஷமானவள்.

கொல்ல வேண்டிய மனிதரின் பெயர் தணிகாசலம். கட்டட கான்ட்ராக்டர். அவர் கட்டிய நர்சிங் கல்லூரி விடுதியின் இரண்டாம் மாடிக் கூரை, கட்டி முடித்து இரண்டு வருஷம் நான்கு மாதத்தில், ஒரு விடுமுறை நாள் காலையில், பிள்ளைகள் தலை குளித்து முடியை உலர்த்திக்கொண்டிருந்தபோது அப்படியே இறங்கியது. ஒன்பது பிள்ளைகள். சிந்துஜா ஏழாவதாக எடுக்கப்பட்டாள், கையில் சீப்பு இருந்தது. வழக்கு ஆறு வருஷம் நடந்தது. சோதனைக்குப் போன கான்கிரீட் கட்டைகள் உறுதியாக இருப்பதாக அறிக்கை வந்தது, இடி விழுந்திருக்கலாம் என்று ஒருவர் சாட்சி சொன்னார், தணிகாசலம் விடுதலையானார். அந்த ஆறு வருஷமும் வசுமதி நீதிமன்றத்தில் அவருக்கு நேர் பின்னால் நின்றாள். ஒருநாளும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை, ஆகவே அவள் முகம் அவருக்குத் தெரியாது, அவர் பிடரியின் ஒவ்வொரு மடிப்பும் அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் அவருடைய டிரைவர் இருமலுக்கு மருந்து வாங்க ஜன்னலுக்கு வந்தவன், "முதலாளியும் அம்மாவும் அல்பேனியாங்கற ஊருக்குப் போறாங்க மேடம், யாரும் போகாத பழைய பட்டணமா பாக்கற டூராம், எனக்கு ரெண்டு வாரம் லீவு" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று சாயங்காலமே வசுமதி அந்த டிராவல்ஸில் பெயர் கொடுத்தாள், மறுவாரம் விருப்ப ஓய்வுக்கு எழுதினாள், ஒரு சத்து மாத்திரை டப்பாவைக் காலி செய்து அதில் வேறு ஒரு பொடியை நிரப்பிக் கைப்பையில் வைத்தாள். ஊரில் செய்தால் அது இன்னொரு வழக்காகும், இன்னொரு ஆறு வருஷம் ஓடும் என்பது அவள் எண்ணம்.

பதினான்கு பேர் போனார்கள். குரூயா என்ற மலையூரில் மரக்கூரை தாழ்ந்த பழைய கடைத்தெருவில் நடந்தார்கள், ஷ்கோதர் என்ற ஊரில் ஏரியைப் பார்த்தபடி குன்றின்மேல் நிற்கும் கோட்டையில் ஏறினார்கள். தணிகாசலத்துக்குப் பழைய கட்டடங்கள் என்றால் உயிர். ஒவ்வொரு சுவரையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், காதை வைத்துக் கேட்பார், பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டுப் பாடம் எடுப்பார். "சுண்ணாம்புங்க, எல்லாம் சுண்ணாம்பு. அவசரம் கிடையாது. ஊற வெச்சு, அரைச்சு, நிதானமாக் கட்டியிருக்கான். இப்ப யாருங்க அப்படிக் கட்டறா?" என்பார். அந்தக் கோட்டையைப் பற்றி ஒரு கதை உண்டு, சுவர் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்ததால் கொத்தனார் ஒருவரின் மனைவியை உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டினார்கள், அதன்பிறகு நின்றது என்று, அதை டூர் மேனேஜர் ஃபெலிக்ஸ் சொல்லி முடித்தபோது எல்லாரும் ச்சு ச்சு என்றார்கள். தணிகாசலம் மட்டும் சுவரைத் தட்டிச் சிரித்தார்.

"ஒருத்திய வெச்சதுக்கே இத்தனை நூறு வருஷம் நிக்குது பாருங்க!"

வசுமதி கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அடுத்த ஊரில் முடித்துவிட வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்தாள்.

அடுத்த ஊர் வெல்தாஸ். மலை மடிப்புக்குள் ஒளிந்த கல் ஊர், கல் தெரு, கல் படி, கல் கூரை, நடுவில் ஒரு சதுக்கம், சதுக்கத்தில் ஒரு வாதுமை மரம், ஒரு பக்கம் மணிக்கூண்டு விரிசல் விட்ட தேவாலயம், எதிர்ப்பக்கம் லூலே என்ற பெண்மணி நடத்திய விடுதி. லூலே ஒன்பது வருஷம் இத்தாலியில் வீட்டு வேலை செய்து திரும்பியவள், ஆங்கிலம் கொஞ்சம் வரும், வசுமதிக்கும் அதே அளவுதான் வரும், ஆகவே இருவருக்கும் நன்றாகப் புரிந்தது. அந்த விடுதியின் சாப்பாட்டு அறைக் கூரை ஐந்நூறு வருஷப் பழசு. செவ்வாய்க்கிழமை காலை, மேசையில் ரொட்டியும் தயிரும் மலைமூலிகைத் தேநீரும் பரப்பியிருக்க, தணிகாசலம் எழுந்து நின்று உத்திரத்தைக் காட்டிப் பாடம் ஆரம்பித்தார். எல்லாரும் தலையை அண்ணாந்தார்கள். அந்த நேரத்தில் வசுமதி டப்பாவைத் திறந்து அவருடைய கோப்பையில் பொடியைக் கொட்டினாள், ஒரு கரண்டியால் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"ஒரு கீறல் இருக்குதா பாருங்க," என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்து கோப்பையை எடுத்தார். அப்போது அவர்மேல் மணல் கொட்டியது.

மூட்டை பிரிந்ததுபோலத் தொப்பென்று விழவில்லை. சல்லடையில் யாரோ நிதானமாகச் சலிப்பதுபோல, உத்திரத்துக்கும் அவர் தலைக்கும் நடுவே எங்கிருந்தோ, பொன்னிறமாக, ஈரமில்லாமல், அவர் தலையிலும் தோளிலும் தட்டிலும் கோப்பையிலும் இறங்கியது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி சுலோசனாவின் தட்டில் ஒரு துகள் இல்லை. லூலே வந்து கூரையைப் பார்த்தாள், மன்னிப்புக் கேட்டாள், மணல் விழுந்த கோப்பையை எடுத்துப்போய் வாசல் சாக்கடையில் ஊற்றினாள். எட்டு வருஷம் காத்திருந்து செய்த காரியம் கல்லிடுக்கில் ஓடிப் போவதை வசுமதி பார்த்துக்கொண்டு நின்றாள். டப்பாவில் வேறு பொடி இல்லை. அழக்கூட வரவில்லை அவளுக்கு, அவ்வளவு கோபம்.

தணிகாசலம் வேறு மேசைக்கு மாறினார், அங்கேயும் கொட்டியது. மாடி அறைக்குப் போனார், அங்கேயும். வேனில் ஏறினார், கால்மணி நேரத்தில் முட்டிவரை மணல் ஏறி டிரைவர் அவரை இறக்கிவிட்டான். சதுக்கத்தில் வானத்துக்கு நேர் கீழே நின்றால் ஒன்றும் இல்லை. குடை பிடித்தால் குடைக்குள்ளிருந்து கொட்டியது. தொப்பி போட்டால் உப்புப் போடும் அளவு ஒரு சிட்டிகை காதோரம் வழிந்தது. வாதுமை மரம் கூரையா இல்லையா என்று ஊரில் இரண்டு நாள் விவாதம் நடந்தது, இலை அடர்ந்த பக்கம் லேசாகத் தூவியது, இலை உதிர்ந்த பக்கம் தூவவில்லை, ஆகவே பாதிக் கூரை என்று முடிவாயிற்று.

வெல்தாஸ்காரர்கள் இதற்காகக் கலவரப்படவில்லை. பாதிரியார் வந்து பார்த்தார், மணலை நாக்கில் வைத்துப் பார்த்தார், இது தன் இலாகா இல்லை என்று சொல்லிப் போனார். பெண்கள் சாக்கும் சல்லடையும் கொண்டு வந்தார்கள். ஊர்க் கொத்தனார் ஸெஃப், எழுபதை நெருங்கிய ஒல்லி மனிதர், மணலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார், காதருகே வைத்து நெரித்துச் சத்தம் கேட்டார், தண்ணீர்க் குவளையில் போட்டுக் கலக்கி வைத்துவிட்டு ஒரு சிகரெட் முடியும்வரை காத்திருந்தார். தண்ணீர் கலங்காமல் தெளிந்தது. அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். அந்த மலையில் மணல் கிடையாது, கீழேயிருந்து லாரியில் வர வேண்டும், லாரி வரும் பாலம் போன வருஷ வெள்ளத்தில் போய்விட்டது, இப்போது வேன் மட்டும் நுழையும் சுற்றுப்பாதைதான், மணிக்கூண்டு விரிசல் அதனால்தான் அப்படியே நின்றது.

"சேறு இல்லாத மணல்," என்று அவர் சொன்னதை லூலே மொழிபெயர்த்தாள். "அகலமான, அவசரமில்லாத ஆற்று மணல். எங்கள் நாட்டு ஆறு இல்லை."

வசுமதி குனிந்து ஒரு பிடி அள்ளினாள். ஆடிப் பதினெட்டுக்கு மோகனூரில் காவிரியில் குளித்துவிட்டுச் சிந்துஜா இந்த மணலில்தான் உருண்டாள், எத்தனை உதறினாலும் பாவாடை மடிப்பில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்த மணல் இது, நடுவில் காக்காப்பொன் மாதிரி மினுங்கும் அந்தத் துகள் வேறெங்கும் அவள் பார்த்ததில்லை. சிந்துஜாவின் விடுதிக் கூரைக்குப் போடாமல் விட்ட மணல்தான் இப்போது இவர் தலையில் இறங்குகிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று மத்தியானம் சமையலறையில் பீன்ஸ் உரித்தபடி எல்லாவற்றையும் லூலேவிடம் சொன்னாள், சாக்கடையில் போன கோப்பையைப் பற்றியும் சொன்னாள்.

"அந்தக் கோப்பையை நான் கழுவாமல் தூக்கிப் போட்டது நல்லதாயிற்று," என்று மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வீடு வீடாகப் போனாள்.

மறுநாள் முதல் தணிகாசலத்துக்கு ஊர் சாப்பாடு போட்டது, தட்டு நிறையப் போட்டது, ஆனால் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

குழு புறப்பட வேண்டிய நாள் வந்தது. ஃபெலிக்ஸ் தூதரகத்துக்குப் போன் செய்தான், இன்சூரன்ஸுக்குப் போன் செய்தான், மணல் என்ற வார்த்தையைச் சொன்னதும் இரண்டு இடத்திலும் வைத்துவிட்டார்கள். சுலோசனா வசுமதியைத் தேடி வந்தாள்.

"அக்கா, நாலு நாளா நீங்க அவரையே பாத்துட்டு இருக்கீங்க. யாருங்க நீங்க?"

"சிந்துஜாவோட அம்மா. விடுதியில ஏழாவதா எடுத்தாங்களே, அந்தப் புள்ள."

சுலோசனா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "விடுதி கட்டின வருஷம்தான் எங்க வீடும் கட்டினோம்," என்றாள். "லாரி லாரியா ஆத்து மணல் வந்து இறங்குச்சு. ஏனுங்க இத்தனைன்னு கேட்டேன். விடுதிக்கு வந்ததுல மிச்சம்னாரு. மிச்சம் அவ்வளவு இருக்குமாக்கா? எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்."

"உங்க வீடு நல்லா இருக்குதா?"

"ஒரு கீறல் இல்லீங்க."

சுலோசனா வேனில் ஏறினாள். தணிகாசலம் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார், "ஏம்மா, நீயுமா? ஏ சுலோசனா, என்னை விட்டுட்டுப் போறியா?" என்று கத்தினார். அவள் மறுபக்கத்து மலையைப் பார்த்துக்கொண்டு போனாள். வசுமதி போகவில்லை. ஊர்ப் போலீஸ் அதிகாரி இருவருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிக் கூடுதல் நாள் தங்குவதற்கான தாளை நிரப்பினார், காரணம் என்ற இடத்தில் அவருக்குக் 'கூரை ஒத்துக்கொள்ளவில்லை' என்றும், அவளுக்குக் 'காத்திருக்கிறார்' என்றும் எழுதி, முத்திரை குத்தினார்.

அதன்பிறகு அந்த ஊர் மணலுக்குப் பழகிக்கொண்டது. திங்கட்கிழமை தேவாலய முகப்பில் ஒரு மணி நேரம், செவ்வாய் பள்ளிக்கூடத்தில், புதன் உடைந்த பாலத்தருகே தகரக் கொட்டகையில், இப்படி முறை வைத்து அவரை நிறுத்தினார்கள், வர மாட்டேன் என்ற நாளில் சாப்பாட்டைக் கூரைக்கடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள், பசி அவரைக் கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்து நீளத் தாண்டும் குழி நிரம்பியது. கல்யாணம் வைத்த ஒரு வீட்டில் புதுத்தரை போடுவதற்காக மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாக வந்து அழைத்துப் போய், பெண் வருமுன்னே அவரை நடு அறையில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்து, பிறகு இனிப்புக் கொடுத்து அனுப்பினார்கள். ஸெஃப் மணிக்கூண்டைப் பூசி முடித்தார், படிகளைச் செப்பனிட்டார், நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு பூச்சு பூசியதில்லை என்றார், எதுவுமே விரியவில்லை என்றார். அதைக் கேட்ட அன்று வசுமதி சாப்பிடவில்லை. தன் மகளின் தலைக்குமேல் இருந்திருக்க வேண்டிய மணல் யாரோ ஒருவருடைய ஊர் மணிக்கூண்டில் உறுதியாக நிற்கிறது என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது. ஸெஃப்பிடம் போய், இரண்டு மாடி விடுதிக்கு எவ்வளவு மணல் வேண்டும் என்று கேட்டாள். அவர் வானத்தைப் பார்த்து யோசித்தார்.

"இதுவரை விழுந்தது ஒரு தூணுக்குக்கூடக் காணாது," என்றார்.

அதைக் கேட்டதும்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கியது.

மழை வந்தது, தணிகாசலம் சதுக்கத்தில் நனைந்தார். குளிர் ஏறியது, கம்பளிகள் கொடுத்தார்கள், ஈரக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். தொந்தி இறங்கிற்று, தாடி வெளுத்தது. சுவர்களைத் தட்டுவதை விட்டுவிட்டார். வசுமதி தினமும் காலையில் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை காலம் பிடரியைப் பார்த்தவள் இப்போது முகத்தைப் பார்த்தாள். ஒருநாள் அவரே கேட்டார்.

"மேடம், நம்ம ஊர்க்காரங்க நீங்க. எல்லாரும் போயிட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் எனக்காக இருக்கீங்க. நீங்க நல்லா இருக்கணும்."

"உங்களுக்காகத்தான் இருக்கேன்," என்றாள் வசுமதி, பிறகு மகளின் பெயரைச் சொன்னாள்.

"அது விபத்துங்க. கோர்ட்டே சொல்லிருச்சே. நான் என்ன பண்ண முடியும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். உக்காருங்க."

முதல் பனி விழப் போகிறது என்று மலைமேல் மேகம் காட்டிய அன்று ஊர் கூடியது. வெல்தாஸில் ஒரு வழக்கம் இருந்தது, அநியாயம் யாருக்கு நடந்ததோ அவரைக் கேட்காமல் அநியாயம் செய்தவனுக்குக் கதவு திறப்பதில்லை. ஆகவே பாதிரியாரும் ஸெஃப்பும் போலீஸ் அதிகாரியும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வசுமதி முன் வந்து நின்றார்கள். லூலே சொன்னாள்: "பனியில் அவர் இரண்டு நாள் தாங்க மாட்டார். என் தொழுவம் காலியாக இருக்கிறது. கொட்டக் கொட்ட நாங்கள் முறை வைத்து அள்ளுகிறோம். நீ சொன்னால் உள்ளே எடுக்கிறோம். நீ சொல்லாவிட்டால் எடுக்க மாட்டோம்."

வசுமதி எழுந்து சதுக்கத்துக்குப் போனாள். ஊர் முழுக்கப் பின்னால் போயிற்று.

"நடந்ததைச் சொல்லுங்க," என்றாள் அவரிடம். "எல்லாத்தையும், பேர் விடாம சொல்லுங்க."

தணிகாசலம் மலையைப் பார்த்தார், மூடிய கதவுகளைப் பார்த்தார். லூலே தன் போனில் பதிவை ஓடவிட்டுத் தூக்கிப் பிடித்தாள். அவர் தமிழில் சொல்ல ஆரம்பித்தார், ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் ஊர் தலை குனிந்து கேட்டது. "சவுட்டு மண்ணச் சலிச்சு மணல்னு போட்டேன். சோதனைக்கு மட்டும் ஆத்து மணல்ல தனியாக் கட்டை வார்த்துக் குடுத்தோம். இன்ஜினியருக்குத் தெரியும், அவர்தான் யோசனை சொன்னாரு," என்று இன்ஜினியரின் பெயரைச் சொன்னார், இடி விழுந்ததாகச் சாட்சி சொன்னவரின் பெயரைச் சொன்னார். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "கூரை விரிஞ்சிருக்குது, பயமா இருக்குதுன்னு புள்ளைங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு லெட்டர் எழுதினாங்க. நான்தான் வந்து பாத்தேன். ஒண்ணும் ஆகாது படிங்க கண்ணுங்களான்னு சொல்லிட்டு, வெள்ளையடிச்சு மறைச்சுட்டுப் போனேன்."

அந்தக் கடிதத்தைப் பற்றி வசுமதிக்கு இதுவரை தெரியாது. அந்த வாரம் சிந்துஜா போனில், "கூரைக்குப் புதுசா வெள்ளையடிச்சிருக்காங்கம்மா, ரூமே பளிச்னு இருக்கு" என்று சொன்னது மட்டும்தான் தெரியும். லூலே அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

சொல்லி முடித்ததும் தணிகாசலம் எழுந்து ஓடினார், தள்ளாடி ஓடி, தேவாலய முகப்பின் கீழ் போய் நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஊர் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பிறகு மணல், எப்போதும்போல நிதானமாக, அவர் உச்சந்தலையில் இறங்கியது.

"சொன்னா நின்னுடும்னு சொன்னீங்களே!" என்று அலறினார்.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல," என்றாள் வசுமதி. "சொல்லுங்கன்னு மட்டும்தான் சொன்னேன்."

அந்தப் பதிவு அன்றைக்கே மற்ற எட்டுப் பிள்ளைகளின் பெற்றவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது, அவர்களிடமிருந்து வக்கீலுக்கும், வக்கீலிடமிருந்து மேல் நீதிமன்றத்துக்கும் போயிற்று. வெல்தாஸில் பனி விழுந்தது. வசுமதி தானே போய்த் தொழுவக் கதவைத் திறந்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஊர் முறை போட்டு மணல் அள்ளியது. கறிக்கடைக்காரர், பள்ளி ஆசிரியை, பாதிரியார், புது மணப்பெண் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வானிலை பற்றியும் ஆடுகள் பற்றியும் பேசியபடி அள்ளி வெளியே எறிந்தார்கள், வெளியே மணல் குன்றுபோல உயர்ந்தது, அதன்மேல் பனி படிந்தது, பிள்ளைகள் சறுக்கி விளையாடினார்கள். வசுமதி தன் முறையை ஒருநாளும் விட்டதில்லை. தணிகாசலத்தின் பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் கீழ் ஊரிலிருந்து வரவழைத்து, வேளை தவறாமல், தண்ணீரோடு கொண்டுபோய்க் கொடுத்தாள், நாடி பார்த்தாள், கால் வெடிப்புக்கு மருந்து தடவினாள், காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் பக்கத்திலேயே இருந்து ஈரத்துணி போட்டாள்.

"எனக்கு ஏன் இத்தனை பண்றீங்க?" என்று அவர் ஒருமுறை கேட்டார்.

"நீங்க கோர்ட்டுல நிக்கணும். அதுவரைக்கும் உங்க இதயம் ஓடணும்," என்று சொல்லிவிட்டு வாயைத் திறக்கச் சொன்னாள்.

பனி உருகியதும் நம் ஊர் நீதிமன்றத்திலிருந்து அவரை அழைத்துவர ஆணை வந்தது, இன்ஜினியரைப் பிடித்துவிட்டார்கள் என்ற செய்தியும் வந்தது. விமானத்துக்குக் கூரை உண்டு, ஆகவே கீழ் ஊர்வரை அவரை நடத்திக் கூட்டிப்போய், அங்கிருந்து திறந்த லாரியில் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள், சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் ஒரு நாற்காலியைக் கட்டி உட்கார வைத்தார்கள். வெல்தாஸ் முழுவதும் வழியனுப்ப வந்தது. ஸெஃப் தணிகாசலத்தின் கையைக் குலுக்கவில்லை, வசுமதிக்கு மட்டும் பூச்சு வேலைக்கான ஒரு புதுக் கரணை கொடுத்தார், லூலே வழிக்குச் சீஸும் ரொட்டியும் கட்டிக் கொடுத்தாள். வெயிலிலும் அலையிலும் இருவரும் நாற்பது நாள் வந்தார்கள், மாலுமிகள் மூன்றாம் நாளே பழகிவிட்டார்கள், கப்பல் சமையல்காரர் பாத்திரம் தேய்க்க மணல் வேண்டும்போது மட்டும் அவர் தலைக்குமேல் ஒரு தட்டியைப் பிடித்தார்.

நம் ஊரும் பழகிக்கொண்டது. முதல்நாள் உள்ளே விசாரித்தபோது வழக்குக் கட்டுகள் மணலில் மூழ்கியதால், நீதிபதி தன் மேசையை வெளி வளாகத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். வக்கீல்கள் தலையில் கைக்குட்டை போட்டுக்கொண்டு வாதாடினார்கள், தட்டச்சுக்காரர் காற்றுக்குத் தாளைக் கல் வைத்து அடித்தார், குற்றவாளிக் கூண்டைத் தூக்கிவந்து வெயிலில் வைத்தார்கள். ஒன்பது குடும்பமும் முன்வரிசையில் உட்கார்ந்தது. இந்த முறை தணிகாசலம் அவர்களைப் பார்த்து நின்றார். சுலோசனாவும் வந்து, தன் வீட்டுக்கு இறங்கிய லாரிகளைப் பற்றி முழுதும் சாட்சி சொன்னாள். இன்ஜினியருக்கும் தணிகாசலத்துக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சிறை அதிகாரிகள் அவருக்காக ஒரு திறந்த முற்றத்தை ஒதுக்கினார்கள், மேலே கம்பிவலை போட்டால் கொட்டுமா என்று சோதித்துப் பார்த்தார்கள், கம்பிக்கு ஏற்ற அளவில் கொட்டியது, எடுத்துவிட்டுச் சுவரை உயர்த்தினார்கள்.

தீர்ப்பான அன்று அவரைத் திறந்த லாரியில் ஏற்றும்போது, விலங்கிட்ட கையை நீட்டி வசுமதியைக் கூப்பிட்டார். போலீஸ்காரர்கள் ஒரு நிமிஷம் நின்றார்கள்.

"அம்மா, எனக்கு ஒண்ணு தோணுதுங்க. நீங்க மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னா இது நின்னுடும். ஜெயில்லயே கெடக்கறேன், அதுக்கு ஒண்ணும் சொல்லல. ஒரே ஒரு நாள் கூரைக்கடியில காலை நீட்டித் தூங்கணும். ஒரு வார்த்தைம்மா."

வசுமதி அவரைப் பார்த்தாள். அந்தத் தொழுவத்தில், அவருக்குக் காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள், தூக்கத்தில் அவர் தன் அம்மாவைக் கூப்பிட்டு முனகியபோது, துணியைப் பிழிந்துகொண்டிருந்த அவள் மனம் ஒரு கணம், தன்னை அறியாமல் இளகியது. அந்த ஒரு கணம் மணல் நின்றது. அள்ளிக்கொண்டிருந்த ஆசிரியை முதுகைக் காட்டி நின்றதால் பார்க்கவில்லை, அவரும் கண் திறக்கவில்லை. வசுமதி சீப்பைப் பிடித்திருந்த ஒரு கையை நினைத்துக்கொண்டாள், மறுபடி கொட்ட ஆரம்பித்தது. அதை அவள் லூலேவிடம்கூடச் சொன்னதில்லை.

"நின்னுடும்," என்றாள் அவரிடம். "எனக்கும் தெரியும்."

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. லாரி புறப்பட்டது. மற்றப் பெற்றவர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு வசுமதி பஸ் நிலையத்துக்கு நடந்தாள். ஜன்னலோர இடம் கிடைத்தது. டிக்கெட்டை வாங்கி வளையலுக்கடியில் செருகிக்கொண்டு, தலையைச் சாய்த்து, பஸ் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள்.